ஜீயபுரம் கத்தரிக்காயில் கோயில் வாடை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, ஜீயபுரத்தில் ஒரு தோட்டத்துக்குச் சண்டை போடப் போனேன்.

சண்டை போட்டுப் பழக்கமில்லை. நான் பேசுவதே குறைவு. பட்டறைக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். "என்னண்ணே கோளாறு?" என்று கேட்டால், "சாயங்காலம் வாங்க" என்பேன். அதோடு சரி.

ஆனாலும் அன்று போனேன். பாக்ஸுக்குள் எண்ணெய்க் கத்தரிக்காய். முதல் நாள் அந்தத் தோட்டத்திலேயே வாங்கிய கத்தரிக்காய்.

இந்தப் பத்தியில் வழக்கமாக பைக், பட்டறை என்றுதான் எழுதுவேன். இந்த வாரம் அடுப்படி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி கோமதிக்கு டைபாய்டு வந்தது. படுத்துவிட்டாள். மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஆக, வீட்டில் நான் ஒருவன்தான். சமையலும் என் தலையில்.

தெரியுமா என்று கேட்டால்... தெரியாது. ஆனால் எஞ்சினை மட்டும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டா வந்தேன்? கழற்றினேன், பூட்டினேன், கற்றுக்கொண்டேன். அடுப்படியிலும் அப்படித்தான் இறங்கினேன்.

எந்த வேலையாக இருந்தாலும் முதலில் டூல்ஸைத் துடைத்து வைப்பது என் பழக்கம். அடுப்படி ஷெல்ஃபில் கை வைத்தால் பிசுக்கு. பட்டறையில் பிசுக்கு இருக்கலாம். சோறு பொங்குகிற இடத்தில் இருக்கலாமா? முதல் நாளே டப்பா, தட்டு, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் இறக்கி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித் திரும்ப அடுக்கினேன். ஷெல்ஃப் பளபளவென்று இருந்தது. ஷோரூம் மாதிரி.

சாமி படங்களும் அடுப்படியிலேயே ஒரு மூலையில்தான். விளக்கு ஏற்றுவதும் என் வேலையானது. ஏற்றினேன். நன்றாக எரிந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். கொரோனா வந்துபோனதிலிருந்து எனக்கு மூக்கு வேலை செய்வதில்லை. பெட்ரோல் வாடையே தெரியாது. சாப்பாட்டில் உப்பு தெரியும், காரம் தெரியும். அதற்கு மேல் எது போட்டாலும் எனக்கு ஒன்றுதான். பட்டறைக்காரனுக்கு அது ஒரு பெரிய நஷ்டமில்லை என்று விட்டுவிட்டேன்.

கோமதிக்குக் காய்ச்சல் விட்டது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

கஞ்சி வைத்தால் குடிப்பாள். சோறு, கூட்டு, பொரியல் என்று வைத்தால் ஒரு வாய். அப்புறம் தட்டைத் தள்ளிவிடுவாள். கடையில் இட்லி வாங்கி, பொடியில் எண்ணெய் விட்டுக் குழைத்துக் கொடுத்தேன். இட்லியை மட்டும் தின்றுவிட்டுப் பொடியை ஒதுக்கிவிட்டாள்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாதாங்க இருக்கும். என் நாக்குதான் செத்துப்போச்சு."

"என்ன மாதிரி இருக்கு?"

யோசித்தாள். "என்னமோ... கோயில் வாடை அடிக்குதுங்க."

"ஸ்ரீரங்கத்துல கோயில் வாடை அடிக்காம வேற என்னடி அடிக்கும்?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை.

கையில் போட்டிருந்த வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. புத்தூரில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எடை போட்டுப் பார்த்தார். முகம் சரியில்லை.

"காய்ச்சல் போயிடுச்சு. குடலும் தேறிடுச்சு. ஆனா வெறும் கஞ்சில உடம்பு எப்படித் தேறும்? காரம் மட்டும் வேண்டாம், மத்தபடி பிடிச்சதைக் குடுங்க. திங்கக்கிழமை வாங்க. இப்படியே இருந்தா அட்மிட் பண்ணித்தான் பாக்கணும்."

கோமதிக்கு ஊசிக்குப் பயமில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கத்தான் பயம். அவள் அப்பா நடந்துபோய்ப் படுத்தவர், எழுந்து வரவில்லை. திரும்பி வருகிறபோது பின்சீட்டில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காவிரிப் பாலத்தில் மட்டும் ஒன்று சொன்னாள்.

"ஏங்க... என்னை அங்க விட்டுறாதீங்க."

 வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து, "எது குடுத்தா சாப்பிடுவே? ஒண்ணு சொல்லு" என்றேன்.

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள். "எண்ணெய்க் கத்தரிக்காய்."

மறுநாள் பட்டறையில் ஒரு கஸ்டமரிடம் காய் பேச்சு வந்தது. நான் எடுக்கவில்லை, அவராக எடுத்தார். மார்க்கெட் காயெல்லாம் மருந்து அடித்துத்தான் வருகிறது, உடம்பு சரியில்லாதவங்களுக்கு அந்த வாடை உடனே தெரியும் என்றார். எனக்குச் சுரீர் என்றது. வாடை! கோமதி சொன்னதும் அதுதானே? நாக்கில் கோளாறு இல்லை, காயில்தான் கோளாறு.

"எங்க ஊர்ப் பக்கம் ஒரு தோட்டம் இருக்குண்ணே. மருந்தே அடிக்க மாட்டாங்க. நேரா போனா செடியிலேருந்தே பறிச்சுக்கலாம்" என்றார். வழியும் சொன்னார். ஜீயபுரம் தாண்டி வாய்க்கால் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வாழைக்கு நடுவில் ஒரு தகர ஷெட். போர்டு கிடையாது.

சனிக்கிழமை காலையில் கிளம்பிவிட்டேன். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வாழை. ஷெட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வெளியே மோட்டார் தொட்டியில் ஒரு பெண் முள்ளங்கி அலசிக்கொண்டிருந்தார். பெயர் தனம். அவர் வீட்டுக்காரர் முருகேசன் தள்ளி நின்று, தார் போட்ட வாழைக்குக் கம்பு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கத்தரிக்காய் வேணும்" என்றேன்.

"செடியில இருக்குங்க. வாங்க, வந்து பறிச்சுக்கங்க."

அங்கே வழக்கமே அதுதான். பறித்து வைத்து விற்பதில்லை. வருகிறவர்களே பாத்தியில் இறங்கிப் பறிக்க வேண்டும். அப்புறம் எடை.

இறங்கினேன். கத்தரிக்காய்க் காம்பில் முள் இருக்கும் என்பது இத்தனை வயதில் அன்றுதான் தெரிந்தது. குத்தியது. நான் ஒரு முறுக்கு முறுக்கினேன். காயோடு கிளையும் வந்துவிட்டது.

"ஐயய்யோ அண்ணே! போல்ட்டா கழட்டுறீங்க?" என்று தனம் ஓடி வந்தார். என் விரல் நகத்தைப் பார்த்தார். "அட, நிஜமாவே மெக்கானிக்குதானா? தள்ளிக்கங்க, நான் பறிக்கிறேன். யாருக்குண்ணே, வீட்டுக்கா, கடைக்கா?"

சொன்னேன். எனக்கே ஆச்சரியம், முழுக்கச் சொன்னேன். டைபாய்டு, கஞ்சி, திங்கட்கிழமை, ஆஸ்பத்திரி எல்லாம். வெளியாளிடம் சொல்வது சுலபமாகத்தான் இருக்கிறது.

அவர் செடி செடியாகக் குனிந்து தேடினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி, விதை முற்றாத பிஞ்சாகப் பொறுக்கிப் பையில் போட்டார்.

"இதைக் கொண்டுபோய்ச் செஞ்சு குடுங்க. எண்ணெய மட்டும் கஞ்சத்தனம் பண்ணாம ஊத்துங்க. அக்கா சாப்பிடலைன்னா என்னை வந்து கேளுங்க."

அவர் சொன்னபடியே செய்தேன். கஞ்சத்தனம் பண்ணவில்லை. மிளகாயைக் குறைத்தேன். கத்தரிக்காயை நாலாகக் கீறி, மசாலா அடைத்து, எண்ணெயை நிறைய ஊற்றி, சின்னத் தீயில் வைத்தேன். பார்க்க நன்றாக இருந்தது. மினுமினுவென்று.

கோமதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆசையாகத்தான் எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோனாள்.

குமட்டிவிட்டது.

எழுந்து வாஷ்பேசினுக்குப் போனாள். திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்கே போயிடலாங்க" என்றாள்.

என்னை அங்கே விட்டுவிடாதீர்கள் என்று சொன்னவள், இப்போது தானாகவே போகலாம் என்கிறாள்.  அந்தத் தட்டில் இருந்ததை நான் சாப்பிட்டேன். எனக்கு உப்பு சரியாக இருந்தது.

இனி யார் மேல் கோபப்படுவது? தோட்டக்காரர்கள் மேல்தான். மருந்தே அடிப்பதில்லை என்று ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. வாங்கின பார்ட் சரியில்லை என்றால் வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை. பார்ட்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் கடைக்காரர் முன்னால் வைக்க வேண்டும். மிச்சமிருந்த கத்தரிக்காயை டிபன் பாக்ஸில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கஞ்சியை வைத்து, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தனமும் முருகேசனும் ஷெட்டுக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாக்ஸை முன்னால் வைத்தேன்.

"உங்க காய். என் சம்சாரம் வாயில வச்சதும் குமட்டிடுச்சு. மருந்து வாடை."

முருகேசன் டம்ளரைக் கீழே வைத்தார். "என்னண்ணே இது, வாரண்டி கேட்டு வந்திருக்கீங்க?"

"சும்மா இருங்க நீங்க" என்று தனம் அதட்டினார். அவர் முகம் வெளிறிவிட்டது. "அண்ணே, வேப்பம்புண்ணாக்குக் கரைச்சு ஊத்துறதைத் தவிர நாங்க ஒண்ணும் செய்றதில்ல. எங்க புள்ளைங்களும் இதத்தான் திங்குது. நோயாளிக்குன்னு கேட்டீங்க. அதுல போய் பொய் சொல்லுவனா?"

"பொய் சொல்றீங்கன்னு சொல்லலை. வாடை அடிக்குதுன்னு சொல்றேன்."

"உங்களுக்கு அடிச்சுதா?"

"எனக்கு மூக்கு கிடையாது."

இருவரும் என் மூக்கைப் பார்த்தார்கள். கொரோனா என்றேன்.

தனம் பாக்ஸைத் திறந்தார். முகத்தருகே கொண்டுபோனார். புருவம் ஏறியது. மறுபடி மோந்தார். அப்புறம் பாக்ஸை முருகேசனிடம் நீட்டினார். அவர் மோந்தார். மோந்துவிட்டுத் திரும்பி, ஷெட்டுக்குள் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"அண்ணே" என்றார் தனம், மெதுவாக. "இதுல என்ன எண்ணெய் ஊத்துனீங்க?"

"நல்லெண்ணெய்."

"நல்லெண்ணெய்ன்னு யாரு சொன்னா?"

"எண்ணெய் எங்கேன்னு கேட்டேன். ஷெல்ஃபுல தூக்குல இருக்குன்னா. எடுத்தேன்."

"ஒரு தூக்குதான் இருந்துச்சா?"

"ரெண்டு. ஒரே மாதிரி."

"ரெண்டுல ஒண்ணுல மஞ்சள் குங்குமம் வச்சிருந்துச்சா?"

யோசித்தேன். முதல் நாள் ஷெல்ஃப் ஞாபகம் வந்தது. சோப்பு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு ஸ்பானர் வரைக்கும் பொட்டு வைப்பாள் கோமதி. அப்போது வைத்தது காய்ந்து ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். நகத்தால் சுரண்டிச் சுத்தமாக எடுத்தேன்.

"இருந்துச்சு" என்றேன். "கழுவிட்டேன்."

தனம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே... பொட்டு வச்சது விளக்குக்குண்ணே! எங்க வீட்டுலயும் அப்படித்தான். அக்கா அடையாளத்துக்கு வச்சிருக்காங்க. நீங்க விளக்கு எண்ணெய ஊத்தி வதக்கிக் குடுத்திருக்கீங்க. வாசம் கலந்த எண்ணெய் வேற. அதான் கோயில் மாதிரி மணக்குது!"

முருகேசன் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

கோயில் வாடை. அவள் அன்றைக்கே சொன்னாள். நான்தான் ஜோக் அடித்தேன்.

கஞ்சி ஏன் இறங்கியது? அதில் எண்ணெய் இல்லை. பொடி ஏன் இறங்கவில்லை? எண்ணெய் விட்டுக் குழைத்தேன். எண்ணெய்க் கத்தரிக்காய் ஏன் குமட்டியது? நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை. எல்லாம் வரிசையாக வந்து பொருந்தியது. நல்ல நட்டு போல்ட்டு மாதிரி.

பக்கத்தில் ஒரு வாளி கவிழ்த்து வைத்திருந்தது. அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.  வெட்கத்தால் இல்லை. வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஒரு பெரிய மூச்சு. அவளுக்கு ஒன்றுமில்லை. நாக்கு சாகவில்லை. உடம்பு கைவிடவில்லை. அவள் நாக்கு சரியாக வேலை செய்திருக்கிறது. சரியாக வேலை செய்ததால்தான் துப்பியிருக்கிறது.

"அண்ணே, நீங்க இதைச் சாப்பிட்டீங்களா?" என்றார் முருகேசன்.

"தினமும்."

"ஒண்ணும் பண்ணலையா?"

"உப்பு சரியா இருந்துச்சு."

அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. வாழைத் தோப்புக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

அங்கிருந்தே கோமதிக்கு போன் போட்டேன்.

"ஷெல்ஃபுல பொட்டு வச்ச தூக்கு எதுக்கு?"

"விளக்குக்குங்க. ஏன்?"

"பொட்டைக் கழுவிட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எப்பக் கழுவுனீங்க?"

"நீ படுத்த அன்னிக்கே."

 அப்புறம் வந்தது.

"அடப்பாவி மனுஷா!"

அப்புறம் ஏதோ மூச்சுத் திணறுகிற மாதிரி கேட்டது. பயந்துவிட்டேன். போனைக் காதில் அழுத்திக் கேட்டேன். சிரிக்கிறாள். அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. இருமிக்கொண்டே சிரிக்கிறாள். "வாங்க வீட்டுக்கு, உங்களுக்கு இருக்கு" என்றாள். அந்தத் திட்டைக் கேட்கத்தானே இத்தனை நாள் தவித்தேன்?

தனம் மறுபடியும் பாத்தியில் இறங்கிப் பிஞ்சாகப் பொறுக்கினார். இந்தத் தடவை நானும் இறங்கினேன். காம்பை முறுக்காமல், நகத்தால் கிள்ளினேன்.

"உங்களை மருந்து அடிக்கிறவங்கன்னு நினைச்சுட்டேன்" என்றேன். எனக்கு அதற்கு மேல் பேச வராது.

"பரவால்லண்ணே. எங்க காய் மேல பழி போகலை, அது போதும். நேத்து நான்தான் எண்ணெய நிறைய ஊத்துங்கன்னு வேற சொன்னேன், பாவம் அக்கா!"

வண்டியில் சத்தம் வந்தால் எல்லோரும் எஞ்சினைத்தான் சந்தேகப்படுவார்கள். பிஸ்டன் போச்சு, பேரிங் போச்சு என்று பயந்து தள்ளிக்கொண்டு வருவார்கள். பார்த்தால் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் ஆடிக்கொண்டிருக்கும். எத்தனையோ பேரை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். மனதுக்குள் சிரித்தும் இருக்கிறேன். என் வீட்டில் சத்தம் வந்தபோது நான் என்ன செய்தேன்? மார்க்கெட்டைச் சந்தேகப்பட்டேன். மண்ணைச் சந்தேகப்பட்டேன். அவள் நாக்கைச் சந்தேகப்பட்டேன். என் கைக்குப் பக்கத்தில் இருந்த தூக்கை மட்டும் சந்தேகப்படவில்லை. அதை நானே கழுவினேனே... அதனால்.

வருகிற வழியில் ஸ்ரீரங்கத்தில் எண்ணெய்க் கடையில் நிறுத்தினேன். நல்லெண்ணெய் கேட்டேன். பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து கடைக்காரரிடமே நீட்டினேன்.

"மோந்து பாருங்க."

"எதுக்குண்ணே? ஃப்ரெஷ்ஷுதான்."

"நல்லெண்ணெய்தானா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மோந்து பார்த்தார். நல்லெண்ணெய்தான் என்றார். அதற்கப்புறம்தான் பையில் வைத்தேன்.

வீட்டில் கோமதி அடுப்படி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தூக்கும் அவள் மடியில். ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து, ஒன்றுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். ரூபாய் அளவுக்குப் பெரிய பொட்டு.

"இது தெரியுதா?"

"தெரியுது."

"கழுவுவீங்களா?"

"மாட்டேன்."

நான் சமைத்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அதிகாரம் பண்ணினாள். தீயைக் குறைங்க, மூடி போடுங்க, கரண்டியை ஸ்பானர் மாதிரி பிடிக்காதீங்க. நான் எல்லாவற்றுக்கும் "ம்" சொன்னேன்.

சோறு போட்டு, கத்தரிக்காய் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தேன். எதிரில் உட்கார்ந்துகொண்டேன். பார்க்காத மாதிரி பார்த்தேன்.

ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நான் மூச்சு விடவில்லை.

இன்னொரு வாய்.

 தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். சோறு தீர்ந்ததும் தட்டை நகர்த்தினாள். தள்ளிவிடுகிறாளோ என்று பதறிப்போனேன்.

"இன்னும் கொஞ்சம் சாதம் வைங்க" என்றாள்.

வைத்தேன். அவசரத்தில் கொஞ்சம் கீழே கொட்டியது. அதற்கும் திட்டினாள்.

திங்கட்கிழமை புத்தூர் போனோம். டாக்டர் எடை போட்டார். ஒரே நாளில் எடை ஏறிவிடுமா? ஏறவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தார். "சாப்பிடுறீங்களா?" என்றார். "மூணு வேளையும் சாப்பிடுறேன் சார்" என்றாள். "அப்புறம் எதுக்கு அட்மிஷன்? என்ன மாத்துனீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"எண்ணெய்" என்றேன்.

கோமதிதான் கதையைச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிரித்து முடித்ததும், அந்த எண்ணெயை நிறைய சாப்பிட்டது நான்தான் என்று என்னை டெஸ்ட்டுக்கு அனுப்பினார். ரிசல்ட் வந்துவிட்டது. ஒன்றுமில்லையாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் விளக்கு ஏற்றப் போனால் பழைய எண்ணெய் தீர்ந்திருந்தது. பொட்டு வைத்த தூக்கிலிருந்து ஊற்றினேன். திரி படபடவென்று பொரிந்தது. தீபம் முன்பு மாதிரி இல்லை.

"ஏங்க, இத்தனை நாளா நல்லா எரிஞ்சுதே? இன்னிக்கு ஏன் அழுதுவடியுது?" என்றாள் கோமதி.

இத்தனை நாள் நன்றாக எரியாமல் என்ன செய்யும்? நம் வீட்டில் மூன்று வாரமாக நல்லெண்ணெய் சாப்பிட்டது சாமி ஒருத்தர்தான்.